பதினைந்து சனிக்கிழமை

அன்புள்ள சம்பத்துக்கு,

உன் கடிதம் வந்து மூணு வாரமாச்சு. கோவிச்சுக்காதே, நீ கேட்டதுக்கு நாலு வரியில் பதில் எழுத மனசு வரலை. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு?

ஜாப் ஒர்க்கை, அதாவது மத்தவங்க துணியைக் கூலிக்குத் தைச்சுக் கொடுக்கிறதை விட்டுட்டு, நேரடி எக்ஸ்போர்ட்டா, சொந்த பிராண்டான்னு கேட்டிருக்கே. பிராண்டுன்னு குதிச்சது பாலுவாத்தான் இருக்கும். மூணிலும் பீஸுக்கு எவ்வளவு மிஞ்சும்னு அழகா கணக்கு போட்டிருக்கே. போட்ட பணம் எத்தனை நாளில் திரும்பும்னு ஒரு வரிகூட இல்லை. அதுதான் என் கவலை.

பத்தாயிரம் டி-ஷர்ட், 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) துணின்னு வை. நிட்டிங், டையிங், கட்டிங் வேஸ்ட் எல்லாம் சேர்த்து பீஸுக்கு 210 கிராம் நூல்னா, 2,100 கிலோ. கிலோ 280 ரூபாய்னு போட்டாலே 5,88,000. நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காம முன்னாடியே அழுத்திச் சுருக்கி எடுக்கிறது), லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் தனி. நூல் இறங்கி சரக்கு கப்பல் ஏற 45 நாள், பையர் 60 நாள் தவணை கேட்டா மொத்தம் 105 நாள். அதுக்குள்ளே பதினைந்து சனிக்கிழமை வரும். பதினைந்து வாரச் சம்பளத்தை உன் கையிலிருந்து கொடுக்கணும் சம்பத்து! பேங்கில் பேக்கிங் கிரெடிட் (சரக்கு அனுப்புறதுக்கு முன்னாடி தர்ற எக்ஸ்போர்ட் கடன்) கிடைக்கும், ஆனா முழுத் தொகையும் தரமாட்டாங்க. பையர் பணம் தராம போனா தாங்குறதுக்கு இசிஜிசி (மத்திய அரசோட ஏற்றுமதிக் காப்பீட்டு நிறுவனம்) காப்பீட்டையும் முதல் நாளே போட்டுடு.

ரேட்டை டாலரில் பேசி முடிச்ச பிறகு நூல் ஏறினா அந்தச் சுமை உன்னோடது. 2022 மே மாசம் நூல் விலைக்காகத் திருப்பூரே ரெண்டு நாள் வேலைநிறுத்தம் பண்ணுச்சே. ஜாப் ஒர்க்கில் நூல் விலைச் சுமை துணி கொடுக்கிறவங்களோடது, அதனால அந்த பயம் இல்லை. ஆர்டரை உறுதி பண்ற அன்னைக்கே நூலையும் புக் பண்ணிடு. ஒரே நாட்டு பையரையும் நம்பாதே. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்போ பார்த்தோமே.

சாயத்தில்தான் நிறைய பேர் மாட்டுறாங்க. ஒரே கலர்னாலும் லாட்டுக்கு லாட் (ஒரே தடவையில் சாயம் போட்ட துணிதான் ஒரு லாட்) ஷேடு மாறும். முன்பக்கம் ஒரு லாட், கை இன்னொரு லாட்னு கலந்துட்டா டியூப்லைட்டில் தெரியாது, வெயிலில் பளிச்சுன்னு தெரியும். கட்டிங் டேபிளிலேயே லாட் வாரியா பண்டில் கட்டி நம்பர் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லு. ஒவ்வொரு லாட்டிலும் 50 சென்டிமீட்டர் சதுரம் குறிச்சு, மூணு தடவை துவைச்சுக் காயவச்சு அள. 47.5-க்கு வந்தா 5 சதவீதம் சுருக்கம். அதுக்கு மேலே போனா வெட்டாதே, காம்பாக்டிங்குக்குத் திருப்பி அனுப்பு. ரிஜெக்ட் ஆகி மறுபடி தைச்சு, லேட்டாகி விமானத்தில் அனுப்புற நிலைமை வந்தா அந்த ஆர்டர் லாபம் மொத்தமும் போச்சு.

பிராண்டுக்கு வர்றேன். நாலு கலர், அஞ்சு சைஸ்னா இருபது வகை சரக்கு. டையிங்கில் கலருக்கு 100 கிலோவாவது கேட்பாங்க, அதுவே ஏறக்குறைய 500 பீஸ். M, L ஓடிடும். S, XXL அலமாரியில் உட்கார்ந்துக்கும், அடுத்த லாட்டுக்கான பணம் அதுக்குள்ளே அடைஞ்சிருக்கும். ஆன்லைனில் போனா ரிட்டர்ன் வேற: பிரிச்சதை மறுபடி அயர்ன் பண்ணி, மடிச்சு, புது கவர் போட்டு, போக வர கூலியும் நீயே கட்டணும். பாலுவை இந்தக் கணக்கை முதலில் போடச் சொல்லு.

என் யோசனை இதுதான். உன் நாற்பது மெஷினில் முப்பது ஜாப் ஒர்க்கிலேயே ஓடட்டும், வாரச் சம்பளம் அதில் வந்துடும். பத்தை மட்டும் எக்ஸ்போர்ட்டுக்கு ஒதுக்கி, 2,000 அல்லது 3,000 பீஸ் ஆர்டர் ஒண்ணு எடு. மூணில் ஒரு பங்கு அட்வான்ஸ் கேளு, தரலேன்னா விட்டுடு. ஜாப் ஒர்க் பாக்கி சீக்கிரம் வர, உத்யம் பதிவு (சிறு தொழில்னு அரசுகிட்ட பண்ற பதிவு) நம்பரை பில்லிலேயே அச்சடி. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லேன்னா 15 நாள்; அதுக்குள்ளே தராம, மார்ச் 31-க்குள்ளேயும் தராதவங்க அந்தச் செலவை வருமான வரியில் அந்த வருஷம் கழிக்க முடியாது. மார்ச் மாசம் நினைவுபடுத்திப் பாரு, பணம் வரும்.

நூல் கொட்டேஷனும் டையிங் ரேட்டும் வாங்கி அனுப்பு. 105 நாளுக்கும் வாரவாரியா வரவு செலவு போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் எதிலும் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
குமரேசன்