எச்.டி.யில் எடுத்த படத்தை டிவிடியில் தொலைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவேரிப்பட்டணத்தை அடுத்த எங்கள் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து நடந்தபோது, பதினெட்டாம் போர் கூத்தையும் மறுநாள் காலை நடந்த படுகளத்தையும் எச்.டி. கேமராவில் நானே எடுத்து, இரண்டு மாதம் உட்கார்ந்து கணினியில் எடிட் செய்து, கோயில் குழுவினருக்கும் ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதற்காக நாற்பது டிவிடிகள் ரைட் செய்தேன். முதல் டிவிடியைக் கூத்து வாத்தியார் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் அவருடைய டிவியிலேயே போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தவர், "தண்ணிக்குள்ள நின்னு ஆடற மாதிரி இருக்குதுங்களே ஐயா" என்றார். அவர் சொன்னது சரிதான். கணினித் திரையில் துரியோதனனின் கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் ஒட்டியிருந்த கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது; டிவியில் அவை எல்லாம் சேர்ந்து ஒரே வெள்ளைத் திட்டாகக் கரைந்திருந்தன. முகத்து அரிதாரத்தில் கருப்புக் கோடு எங்கே முடிகிறது, சிவப்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

கேமராவிலும் குறையில்லை, டிவியிலும் குறையில்லை. நான் எச்.டி.யில் எடுத்து, எச்.டி.யில் எடிட் செய்து, கடைசி நிமிடத்தில் டிவிடி என்ற பொத்தானை அழுத்தியதில்தான் குறை. திருமணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, எருது விடும் விழா என்று இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு படம் எடுத்து, வீட்டிலேயே டிவிடி போடுகிறவர்கள் இன்னும் பலர் இருப்பதால், நான் பட்ட பாட்டை அவர்களும் படாமல் இருக்க இதை எழுதுகிறேன்.

டிவிடி 1996இல் விற்பனைக்கு வந்தது. அன்றைய டிவிக்கு ஏற்றபடி அதன் அளவை வகுத்தார்கள். நம் நாட்டில் வழங்கும் 'பால்' (PAL) என்ற டிவி முறையில் டிவிடி படத்தின் ஒரு பிரேம், அதாவது ஒரு தனிப் படம், 720-க்கு 576 புள்ளிகள், முழு எச்.டி. பிரேம் 1920-க்கு 1080 புள்ளிகள். பெருக்கிப் பார்த்தால் முன்னது சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம், பின்னது சுமார் 20 லட்சத்து 74 ஆயிரம், சரியாக ஐந்து மடங்கு. அதாவது நாம் எவ்வளவு விலை கொடுத்துக் கேமரா வாங்கியிருந்தாலும், டிவிடி வீடியோவாக ரைட் செய்த உடனேயே ஐந்தில் நான்கு பங்கு புள்ளிகள் போய்விடுகின்றன. டிவிடியின் மேல் 'எச்.டி.' என்று அச்சிட்டு ஒட்டுவதால் அவை திரும்பி வரப்போவதில்லை.

அதற்கு மேல் நான் செய்த இன்னொரு தவறு, மூன்று மணி நேரக் கூத்தை ஒரே டிவிடியில் அடக்கப் பார்த்தது. சாதாரண டிவிடியில் 4.7 ஜிபிதான் கொள்ளும். மூன்று மணி நேரத்துக்கு அதைப் பங்கிட்டால், ஒலியையும் சேர்த்து விநாடிக்கு ஏறத்தாழ மூன்றரை மெகாபிட் தகவல்தான் கிடைக்கிறது. டிவிடியில் படத்துக்கு மட்டுமே விநாடிக்கு 9.8 மெகாபிட் வரை அனுமதி உண்டு. இரவுக் கூத்தின் இருட்டுப் பின்னணி கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்ததற்கு இதுவே காரணம். டிவிடிதான் வேண்டும் என்று யாராவது கேட்டால், ஒரு டிவிடிக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் போகாமல் இரண்டு மூன்று தகடாகப் பிரித்துக் கொடுப்பதே முறை.

படுகளக் காட்சியில் வேறொரு கோளாறு வந்தது. தரையில் மண்ணால் படுக்க வைத்த துரியோதனன் உருவத்தைச் சுற்றி வீமன் வேடக்காரர் கதாயுதத்தோடு சுழன்று வரும்போது, அவர் உடலின் ஓரமெல்லாம் சீப்புப் பல்லைப் போலக் கோடு கோடாகப் பிரிந்து, ஆட்டம் முன்னும் பின்னும் உதறியது. என் கேமரா ஒவ்வொரு பிரேமின் கோடுகளையும் ஒன்று விட்டு ஒன்றாக மேல் வரிசை, கீழ் வரிசை என்று இரண்டு பாதியாகப் பிரித்து, விநாடிக்கு 50 பாதிகளாக எடுக்கும் வகையைச் சேர்ந்தது. எச்.டி.யில் மேல் பாதி முதலில் வரும், பழைய டிஜிட்டல் வீடியோ (DV) கேசட் கேமராக்களின் 'பால்' முறையில் கீழ் பாதி முதலில் வரும். மென்பொருளில் பழைய முறையே குறிக்கப்பட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த ஒரு குறிப்பை மாற்றியதும் வீமன் ஒழுங்காகச் சுழன்றார்.

சரி, எச்.டி.யை எச்.டி.யாகவே தகட்டில் போட முடியாதா என்றால், முடியும். புளூ-ரே தகட்டில் ஒரே அடுக்கில் 25 ஜிபி கொள்ளும். விநாடிக்கு 24 மெகாபிட் வீதம் வைத்தாலும் இரண்டேகால் மணி நேரப் படம் தெளிவு குறையாமல் அடங்கும். இதற்குப் புளூ-ரே ரைட்டர் வேண்டும். எனக்குக் கிருஷ்ணகிரிக் கடைகளில் கிடைக்காததால் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் போய் வாங்கி வந்தேன். சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் ரைட் செய்யும் புளூ-ரே தகடு தயாரிப்பை நிறுத்திவிட்டது என்றாலும், மற்ற நிறுவனங்களின் தகடுகள் கிடைக்கின்றன. புளூ-ரே ரைட்டர் வாங்க வசதியில்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. சோனியும் பானாசோனிக்கும் 2006இல் கொண்டுவந்த ஏ.வி.சி.எச்.டி. முறையில், சாதாரண டிவிடி தகட்டிலேயே எச்.டி. படத்தைப் பதியலாம். விநாடிக்கு 17 மெகாபிட் வைத்தால் ஒரு தகட்டில் சுமார் 36 நிமிடம் வரும். படுகளம் மட்டும் எனக்கு அதில் அடங்கிவிட்டது. ஆனால் இந்தத் தகடு பெரும்பாலான புளூ-ரே பிளேயர்களில்தான் ஓடும். சாதாரண டிவிடி பிளேயரில் போட்டால் ஓடாது என்பதோடு, சில பிளேயர்களில் வெளியே எடுப்பதும் சிரமமாகிவிடும். ஆகவே தகட்டின் மேல் 'புளூ-ரே பிளேயரில் மட்டும்' என்று மார்க்கர் பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன். தாளில் அச்சிட்ட லேபிளை ஒட்டுவதில்லை. ஒரு பக்கம் கனத்து, சுழலும்போது தகடு ஆட்டம் காண்கிறது.

ரைட் செய்யும் வேலையில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்ல வேண்டும். எடிட் செய்த படத்தை நேரடியாகத் தகட்டுக்கு அனுப்பக் கூடாது. ஒருநாள் மாலை, நான்கு மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்த வேலை முடியும் தறுவாயில் கரண்ட் போனது. தகடும் வீண், அன்றைய பொழுதும் வீண். இப்போது முதலில் முழுப் படத்தையும் ஹார்டு டிஸ்க்கில் ஒரே கோப்பாக உருவாக்கி, ஆரம்பம் முதல் கடைசி வரை ஓட்டிப் பார்த்து, அதன் பிறகே தகட்டில் ஏற்றுகிறேன். 16 எக்ஸ் என்று எழுதியிருக்கும் டிவிடியை 8 எக்ஸ் வேகத்தில் ரைட் செய்கிறேன். ரைட் செய்த பின் சரிபார்க்கும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. நேரம் இரட்டிப்பாகிறதே என்று அதை விட்டுவிடக் கூடாது. நான் அவசரத்தில் சரிபார்க்காமல் கொடுத்த ஏழு தகடுகளில் இரண்டு, ஊர்ப் பெரியவர்கள் கூடியிருந்த இடத்தில் பாதியில் நின்றுபோயின.

தகட்டை வைக்கும் இடமும் முக்கியம். ரைட் செய்யும் டிவிடியில் சாயப் பூச்சின் மேல்தான் படம் பதிகிறது. வெயிலும் சூடும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். சித்திரை வெயிலில் சிமெண்டு ஷீட் கூரைக்குக் கீழ் டிவி மேசையில் கிடந்த தகடுகள் இரண்டே கோடையில் திக்கத் தொடங்கிவிட்டன. மர அலமாரியின் அடித்தட்டில் உறைக்குள் நிமிர்த்தி வைத்தவை இன்றும் ஓடுகின்றன.

கடைசியாக ஒரு குறை. என் மகள் திருமணத்தை 'முழு எச்.டி.' என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு எடுத்த ஒரு ஸ்டுடியோ, எங்களுக்குக் கொடுத்தது மூன்று டிவிடிகள் மட்டுமே. ஓராண்டு கழித்து எச்.டி. கோப்பைக் கேட்டுப் போனபோது, ஹார்டு டிஸ்க்கில் இடமில்லாமல் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். தாலி கட்டும் நேரத்தில் என் தாயார் கை நடுங்க அட்சதை போடும் காட்சி அதில் இருக்கிறது. அவர் இன்று இல்லை. அந்த முகத்தை ஐந்தில் ஒரு பங்கு தெளிவோடுதான் நாங்கள் இனிப் பார்க்க முடியும்.

ஆகவே, இந்த மாவட்டத்தில் உள்ள ஸ்டுடியோக்காரர்களும் எடிட்டர்களும், டிவிடியோடு கூடவே எடிட் செய்த எச்.டி. கோப்பைப் புளூ-ரே தகட்டிலோ பென் டிரைவிலோ கட்டாயம் கொடுக்க வேண்டும் என்றும், எந்த வடிவில், எத்தனை நாளைக்குள் கொடுப்பார்கள், தங்களிடம் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதை முன்பணம் வாங்கும்போதே ரசீதில் எழுதித் தர வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தை பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும் என்பதால், அதற்கு முன்பே இக்கடிதத்தை வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
காவேரிப்பட்டணம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.