ஆரிஃபிளெக்ஸில் துளை போடச் சொல்கிறார்கள்

மார்த்தாண்டம்

மக்கா,

உன் கடிதத்துக்குப் பதில் போடாததற்கு நேரில் வந்து திட்டு. இங்கே எல்லாரும் சுகம். அண்ணாச்சிக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, பழம்பொரியை மட்டும் விடவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பட்டறைக்கு ஒரு ஆரிஃபிளெக்ஸ் 35, பழைய சினிமா கேமரா, வந்திருக்கிறது. குளச்சல் பக்கம் ஏதோ வீட்டு மச்சில் கிடந்ததாம். வாங்கினவருக்குக் கன்னியாகுமரியில் லாட்ஜ். நடுவில் துளை போட்டு பல்பு மாட்டி ரிசப்ஷனில் வைக்கணுமாம். துளை போட நான்!

எங்கே போடலாமென்று லென்ஸைக் கழற்றினால், உள்ளே சாய்வாக ஷட்டர், பிலிமுக்கு முன்னால் சுற்றும் மூடி, அதன் முகமே முகம் பார்க்கிற கண்ணாடி. அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை. மிட்செல் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க கேமரா உடம்பையே பக்கவாட்டில் தள்ளணும், ஷாட் ஓடும்போது பக்கவாட்டில் மாட்டிய தனி ஃபைண்டர்தான் கதி என்று நீ அலுத்துக்கொள்வாயே, அந்தத் தொல்லையை மியூனிக்கில் ஆர்னால்டும் ரிக்டரும் 1937-லேயே முடித்துவிட்டார்கள். ஷட்டர் திறந்தால் வெளிச்சம் பிலிமுக்கு. மூடினால் கண்ணாடியில் பட்டு கேமராமேன் கண்ணுக்கு. அந்த இடைவெளியில்தான் நகம் மாதிரி ஒரு கொக்கி பிலிமை, ஓரத்துத் துளையில் மாட்டி, நாலு துளை கீழே இழுக்கிறது. நொடிக்கு 24 தடவை! அப்படியென்றால் பிலிமில் பதிந்த எதையும் கேமராமேன் பார்த்ததே இல்லை, இல்லையா? இத்தனை வருஷம் பிலிம் லேபில் இருந்துகொண்டு இதைச் சொல்லவில்லையே, படுபாவி.

கண்ணாடி ஒரு முடியளவு விலகினாலும் கண்ணுக்குத் தெரிகிற ஃபோகஸ் வேறு, பிலிமில் விழுவது வேறு. மோட்டாரையே கைப்பிடியாக்கிக் கீழே வைத்திருக்கிறான். லேத்துக்காரன் என்ற முறையில் கும்பிடுகிறேன். கையால் சுற்றிப் பார்த்தேன், பிசிறில்லாமல் சுற்றுகிறது. கண் வைத்துப் பார்க்கிற இடத்து ஐகப் ரப்பர்தான் பொடிந்துபோச்சு.

உங்கள் லேபில் பிலிம் பிரதி எடுக்கிற பிரிண்டர்கள் எடைக்குப் போனபோது நீ சரியாகச் சாப்பிடவே இல்லை என்று மைனி சொன்னாள். இது அப்படிப் போகக் கூடாது மக்கா. என் கையால் போகவே கூடாது.

டிரில் பிட் உடைந்துவிட்டதென்று லாட்ஜ்காரரிடம் புளுகியிருக்கிறேன். ஞாயிறு வரை தாங்கும். இதே உருவத்தில் தகரத்தில் ஒன்று செய்து தருகிறேன், பல்பு அதில் எரியட்டும் என்று பேசிப் பார்க்கலாம். ஆனால் கேமராவுக்கு விலை கேட்டால்? அதை நீதான் சொல்லணும், எனக்கு இரும்பு விலைதான் தெரியும்.

அனந்தபுரியில் ஏறு, குழித்துறையில் இறங்கு. மீன்குழம்பு உண்டு, நான் வைக்கவில்லை, பயப்படாதே. அப்புறம், கூடவே 400 அடி மேகசின், பிலிம் போடுகிற பெட்டி, ஒன்றும் வந்தது. கனமாக இருக்கிறது, உள்ளே பிலிம் இருந்தால் வெளிச்சம் பட்டுக் கெட்டுவிடுமென்று திறக்கவில்லை. உன் கறுப்புப் பையை மறக்காமல் எடுத்து வா.

உன்
லேத்து