பார்த்தினானுக்கு எதிரே ஒரு குன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஏதென்ஸ் பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் பார்த்தினான் படத்தைப் போட்டு, அதன் கீழே ‘மக்களாட்சி பிறந்த இடம்’ என்று எழுதியிருந்தது உறுத்தியது. பார்த்தினான் அதீனா தேவியின் கோயில். போருக்குப் போவதா, சமாதானம் பேசுவதா என்று ஊர்மக்கள் கூடிக் கை தூக்கிய இடம் அதற்கு மேற்கே, நடந்தே போகக்கூடிய தூரத்தில் உள்ள பினிக்ஸ் குன்று. பார்த்தினான் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றில் தலை தலையாகக் கூட்டம். பினிக்ஸில் அவ்வளவாக ஆள் இல்லை.

மகனோடு நான் போனபோது, பிக்கியோனிஸ் என்ற கட்டடக்கலைஞர் 1950-களில் அமைத்த கல்பாதை வழியாக ஏறினோம். இடித்த பழைய வீடுகளின் சலவைக்கல் துண்டுகளைப் பொறுக்கி, ஒன்றுக்கொன்று பொருத்திப் பதித்திருக்கிறார். அந்தப் பாதையிலிருந்து பிரிந்து போனால் பினிக்ஸ். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை: சரிந்த வெட்டவெளி, பாறையிலேயே செதுக்கிய படிகளோடு ஒரு மேடை, சரிவின் கீழ்ப்புறம் மண்ணைத் தாங்கி வளைந்து செல்லும் பிரம்மாண்டமான கற்சுவர். ஏதென்ஸின் பெரும் தலைவர் பெரிக்ளிஸ் இந்த மேடையில் நின்று முழங்கினார் என்று பக்கத்தில் ஒருவர் தம் குழுவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிக்ளிஸ் கி.மு. 429-இலேயே இறந்துவிட்டார், இப்போது நாம் பார்ப்பது அதற்கடுத்த நூற்றாண்டில் வெட்டிய மேடை. அவர் காலத்தில் மக்கள் சபை உட்கார்ந்த திசையே வேறு.

ஒருவருக்குக் குடியுரிமை கொடுப்பது போன்ற முடிவுகளுக்கு சபைக்கு 6,000 பேராவது வந்தாக வேண்டும். அத்தனை பேரை வரவைப்பது லேசான காரியமா? சந்தையில் அரட்டை அடித்து நிற்பவர்களைச் சிவப்புச் சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள் என்று அக்கால நகைச்சுவை நாடக ஆசிரியர் அரிஸ்டோஃபனிஸ் தம் நாடகத்தில் கிண்டலடிக்கிறார். கி.மு. 403-க்குப் பிறகு கூட்டத்துக்கு வந்தால் கூலி என்றே வைத்துவிட்டார்கள். முதலில் ஒரு ஓபோல் (அக்காலச் சிறு வெள்ளிக்காசு), பிறகு மூன்று. நம் வாசகர்களுக்குக் காசும் பிரியாணியும் நினைவுக்கு வரும்! ஆனால் ஏதென்ஸில் கொடுத்தது கட்சி இல்லை, அரசு. யாருக்குக் கை தூக்கினாலும் அதே காசு. அன்றாடங்காய்ச்சியும் வேலையை விட்டுவிட்டு வர முடிந்தது அதனால்தான்.

பெண்களும் அடிமைகளும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களும் அந்தச் சரிவில் உட்கார முடியாது. கட்டுரையாளர் இதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். தாய், தந்தை இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் குடியுரிமை என்று கி.மு. 451-இல் சட்டம் கொண்டுவந்தவர் அதே பெரிக்ளிஸ்தான்.

பினிக்ஸ் என்றால் எனக்கு நினைவில் நிற்பது மைட்டிலீனி விவகாரம். கி.மு. 427-இல், ஏதென்ஸின் கூட்டணியிலிருந்து விலகப் பார்த்த அந்தத் தீவு நகரத்தின் கிளர்ச்சியை அடக்கிய பின், அங்குள்ள ஆண்களை எல்லாம் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்குவது என்று சபை கோபத்தில் முடிவெடுத்தது, அந்த உத்தரவோடு கப்பலும் கிளம்பிவிட்டது. மறுநாள் மனது கேட்காமல் மீண்டும் கூடினார்கள். முடிவை மாற்றக் கூடாது என்று கிளியோன் என்ற அரசியல்வாதி பேசினார். டயடோடஸ் என்பவர் மறுத்துப் பேசினார். எழுந்த கைகள் ஏறக்குறைய சமம். மயிரிழையில் டயடோடஸ் பக்கம் ஜெயித்தது. புதிய முடிவோடு இரண்டாவது கப்பல் முதல் கப்பலைத் துரத்திக்கொண்டு ஓடியது. துடுப்பை விடாமலே மதுவும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த வாற்கோதுமை மாவைத் தின்று, முறை வைத்துத் தூங்கி, கொலை தொடங்கும் முன் போய்ச் சேர்ந்தார்களாம். அக்கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இப்படி எழுதுகிறார். ஆனாலும் கிளர்ச்சிக்குக் காரணமானவர்கள் என்று பிடித்து வைத்திருந்தவர்களைக் கிளியோன் சொற்படி கொன்றுவிட்டார்கள். இரண்டு முடிவும் ஒரே மக்கள் எடுத்தவை.

பக்கத்திலேயே இருக்கும் அரியோபாகஸ் பாறையும் கட்டுரையில் வரவில்லை. முன்னாள் ஆட்சியாளர்களின் மன்றம் கூடிய இடம் அது. கி.மு. 462-இல் எஃபியால்டிஸ் என்ற ஏதென்ஸ் அரசியல்வாதி அந்த மன்றத்தின் அதிகாரத்தைப் பிடுங்கி மக்கள் சபை, ஐந்நூற்றுவர் மன்றம், நீதிமன்றங்கள் ஆகியவற்றுக்குக் கொடுத்தார். கொலை வழக்கு விசாரணை மட்டும் பெரும்பாலும் அங்கேயே தங்கியது. அடுத்து அவரையே கொன்றார்கள்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வரப்போவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதில் இந்த இரண்டு இடங்களுக்கும் ஒரு வழிப்படம் சேர்க்க வேண்டுகிறேன். பினிக்ஸில் ஒதுங்க நிழல் இல்லை. வெயில் ஏறும் முன் போவது நல்லது. அரியோபாகஸ் பாறை தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது; ஏற இரும்புப் படிக்கட்டு உண்டு. என் வயதுக்காரர்கள் அதிலேயே ஏறட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
தஞ்சாவூர்