கூரைக்குச் சுங்குடி

மதுரை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கார் கூரைத் துணி தொங்கித் தலையில் படுகிறது, குண்டூசி குத்தி ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கே பதில் எழுதியிருப்பேன். ஆனால் எங்கள் வீட்டு அம்பாசிடருக்கும் அதே வேலைதான் நடந்துகொண்டிருந்தது. முடியட்டும், முழுசாக எழுதலாம் என்று இருந்துவிட்டேன். முந்தாநாள் முடிந்தது.

அப்பாவின் மார்க் ஃபோர்தான், 1986 வண்டி. உன் கல்யாணத்துக்குப் பெண் அழைத்து வந்தோமே, அதே வண்டி. என்ஜின், டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் போன வருஷமே பார்த்தாயிற்று. உள்ளே தலையைத் தூக்கினால்தான் பழுத்துப்போன ரெக்ஸினும், தையல் விட்டு வாயைப் பிளந்த இரண்டு இடமும் கண்ணில் படும். அப்பா இப்போது ஓட்டுவதில்லை. காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்வார், கதவைத் திறந்து வைத்தபடி. படித்து முடித்ததும் தலையைச் சாய்த்து மேலே பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் பார்க்கிற இடம் அழகாக இருக்க வேண்டும் என்று பட்டது எனக்கு.

பம்பாயில் மாட்டுங்கா ரூமில் இருந்தபோது நாம் ஏறின டாக்ஸிகள் உனக்கு நினைவிருக்கிறதா? வெளியே எல்லாம் ஒரே கருப்பு மஞ்சள் பிரீமியர் பத்மினி கார். உள்ளே ஏறினால் கூரை வண்டிக்கு வண்டி வேறு: ஒன்றில் ரோஜாப்பூ, இன்னொன்றில் கட்டம். டிரைவர்கள் அதில் எவ்வளவு பெருமைப்படுவார்கள்! நாம் ஊர் திரும்பி ரொம்ப நாள் கழித்து, 2015இல், டாக்ஸி ஃபேப்ரிக் என்று ஒரு குழு கிளம்பி, இளம் டிசைனர்களிடம் வரைந்து வாங்கிய துணியைச் சீட்டுக்கும் கூரைக்கும் போட்டுக் கொடுத்தார்கள். அங்கே டாக்ஸிக்கு இருபது வருஷம்தான் ஆயுசு. கடைசி பத்மினி 2023 அக்டோபரில் ஓட்டத்தை நிறுத்தியது. அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான், நம் ஊர்த் துணி ஒன்று நம் வண்டிக் கூரையில் ஏறினால் என்ன என்று தோன்றியது. மதுரையில் உட்கார்ந்துகொண்டு அதற்கு யோசிக்கவா வேண்டும்? சுங்குடிதான், முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்துப் புள்ளி எடுக்கிற பருத்தித் துணி.

ஆனால் கடையில் சுங்குடி என்று சொல்லிக் கொடுப்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும்தான். கையால் முடிச்சுப் போட்டது வேண்டுமென்றால் தேடித்தான் பிடிக்க வேண்டும். தெரிந்தவர் மூலமாக, சௌராஷ்டிரக் குடும்பத்து அம்மா ஒருவர் கிடைத்தார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, துணியை நகத்தால் துளிபோலக் கிள்ளி, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இழுப்பார். அவ்வளவுதான், ஒரு புள்ளி. பார்வை துணியில் இல்லை, விரலே கணக்கு வைத்துக்கொள்கிறது. "சேலையில்லை, கார் கூரைக்கு" என்றதும் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம், "நடுவில நெருக்கமா, ஓரத்துக்குப் போகப் போகக் கலைச்சு விடட்டுமா?" என்று அவரே கேட்டார். அந்த யோசனை எனக்கு வந்திருக்காது. இருபது நாள் ஆயிற்று. சாயம் தோய்த்துக் காய்ந்த துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தபோது முடிச்செல்லாம் படபடவென்று தெறித்து விழுந்து, புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ரோல்ஸ் ராய்ஸில் கூரைத் தோலில் ஊசித் துளை போட்டு, கண்ணாடி இழையால் நட்சத்திரம் பதிக்கிறார்களே, அதை வீடியோவில் பார்த்திருப்பாய். எனக்கு இந்தப் புள்ளிகள் போதும். ஒன்றுபோல் ஒன்று இல்லை.

நிறத்துக்கு முதலில் கருநீலம் சொல்லியிருந்தேன். குஷன் கடை பாய்தான் தடுத்தார். "கூரை தலைக்கு மேல இறங்கி வந்த மாதிரி இருக்கும். அப்பா உக்கார்ற இடம், வெளிச்சமா போடுங்க." சரி என்று சந்தன நிறத்துக்கு மாறினேன். புள்ளி எட்ட இருந்து தெரியாது, சாய்ந்து உட்கார்ந்தால்தான் தெரியும். அதுவே நல்லதாகப் போயிற்று.

இந்தப் பழைய வண்டிகளில் கூரைத் துணி எதிலும் ஒட்டியிருப்பதில்லை. குறுக்கே வில் மாதிரி வளைந்த கம்பிகள் இருக்கும். துணியின் பின்பக்கம் பட்டையாக நாடா தைத்து, அதற்குள் கம்பியை நுழைத்து, பந்தல் மாதிரித் தொங்கவிட்டு, ஓரங்களை இழுத்து ஒட்டியிருப்பார்கள். அதனால்தான் கைத்தறிப் பருத்தி இதற்குச் சரிப்படுகிறது. இழுபடாத துணி என்றாலும் தையல்காரர் கம்பிக்குக் கம்பி வெட்டித் தைத்து வளைவைக் கொண்டுவந்துவிடுவார். முதலில் போன ஒரு கடையில், "கம்பியெல்லாம் எதுக்கு சார், பலகை அடிச்சு ஒட்டிடலாம்" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கம்பியை எடுத்துவிட்டால் அந்தக் கூரையின் வடிவமே போய்விடும்.

பிரிக்கும் வேலையை நானே செய்தேன். கண்ணாடி, சன் வைசர், உள்விளக்கு, கதவு பீடிங், எல்லாம் கழற்றியபின் கம்பிகளை உருவ வேண்டும். ஒவ்வொன்றின் வளைவும் வேறு என்று தெரியாமல் இரண்டை அடையாளம் போடாமலே உருவிவிட்டேன். எது முன், எது பின் என்று கண்டுபிடிக்க அரை நாள் போயிற்று. நீ யாருக்காவது சொல்வதென்றால் முதலில் இதைச் சொல்: உருவுவதற்கு முன்பே நம்பர் எழுதி ஒட்ட வேண்டும், எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது என்பதோடு சேர்த்து. பழைய ரெக்ஸினையும் தூக்கிப் போடக் கூடாது. தையலைப் பிரித்தால் அதுதான் புதுத் துணிக்கு அளவு. ஓரத்தில் மூன்று அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டினார் பாய்.

தகரத்துக்கும் துணிக்கும் நடுவில் ஒரு குளவிக் கூடு இருந்தது, மண் உருண்டையாக, காய்ந்துபோய். மழைநீர்க் காடி ஓரமாகக் கொஞ்சம் துரு. சுரண்டி ரெட் ஆக்ஸைடு அடித்து, பொடிந்துபோன சணல் ஃபெல்ட்டை எடுத்துவிட்டு, தகரக் கொட்டகைக்கு அடியில் ஒட்டுவார்களே, வெள்ளி முகம் வைத்த ஃபோம் ஷீட், அதை ஒட்டினேன். மதுரை வெயிலுக்கு அது இல்லாமல் முடியாது. விளக்குக்குப் போகிற ஒயரையும் அப்போதே மாற்றியாயிற்று.

துணியை முதலில் உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, இரண்டு முறை அலசினோம். சாயம் விடுவது விடட்டும், சுருங்குவது இப்போதே சுருங்கட்டும் என்றுதான். அப்புறம் எனக்கு இருந்த பெரிய பயம் தீ. தலைக்கு மேலே வெறும் பருத்தி! அமெரிக்காவில் 302ஆம் எண் விதி ஒன்று உண்டு: வண்டிக்குள் போடும் துணியைப் படுக்கைவசமாகப் பிடித்து எரித்தால், தீ நிமிஷத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் ஓடக் கூடாது. நான் ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்தேன். கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. அப்புறம் பழைய முறை ஒன்றைச் செய்தேன். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 70 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 30 கிராம் போரிக் ஆசிட். வெங்காரம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது. அதில் துணியை முக்கி, பிழியாமல் நிழலில் காய வைத்தேன். மறுபடி ஒரு துண்டைக் கொளுத்தினால் கருகியது, தீக்குச்சியை எடுத்ததும் அணைந்துவிட்டது. தண்ணீர் பட்டால் மருந்து கரைந்துவிடும், ஆனால் கூரைத் துணியை யார் துவைக்கப் போகிறார்கள்?

மாட்டும்போது பாய் பின்கம்பியில் ஆரம்பித்து முன்னால் வந்தார். முன்னும் பின்னும் முதலில் இழுத்துப் பிடித்து, அப்புறம்தான் பக்கவாட்டு. ஒட்டுவது, தட்டிப் பார்ப்பது, பிடிக்காவிட்டால் பிரித்து மறுபடி ஒட்டுவது. கடைசியில் தூர இருந்து நீராவி காட்டினார். நம் கண் முன்னாலேயே சுருக்கங்கள் அடங்கின. மிச்சத் துணி இரண்டு சன் வைசருக்கும் ஆயிற்று.

இனி உன் வண்டிக்கு வருகிறேன். உன்னுடையது கம்பி வகை இல்லை. அச்சில் வார்த்த பலகை, அதன்மேல் மெல்லிய ஃபோம், அதன்மேல் துணி. வெயிலும் ஈரமும் சேர்ந்து அந்த ஃபோம் மக்கிப் பொடியாகிவிடுகிறது. துணியும் நன்றாகத்தான் இருக்கும், பசையும் பிடித்துத்தான் இருக்கும், நடுவில் இருந்ததுதான் போய்விட்டது. ஊசி குத்தினாலும் பசையை உள்ளே பீய்ச்சினாலும் நிற்காததற்குக் காரணம் இதுதான். பலகையைக் கழற்றி, வளைக்காமல் வெளியே எடுத்து, பிரஷ்ஷால் பழைய ஃபோமைத் துளி விடாமல் சுரண்டச் சொல். அதன்மேலேயே புதுசை ஒட்டினால் அதுவும் ஒரு கோடைக்குள் இறங்கிவிடும். பசை வெயில் தாங்குகிற ரகமா என்று கேள்.

உன் அத்தை நெய்த செட்டிநாட்டுக் கட்டம் போட்ட துணியைப் போட ஆசை என்கிறாய். போடலாம். ஆனால் பலகையில் குழிவுகள் இருக்கும், கைத்தறி அதற்குள் இறங்காது, பாலம் கட்டி நிற்கும். ரவிக்கைக்குக் கிராஸ் கட் போடுவார்களே, அப்படிக் குறுக்குவசத்தில் வெட்டினால் கொஞ்சம் இழுபடும், கட்டமும் டைமண்டாகத் திரும்பும். அல்லது நடுவில் தட்டையாக இருக்கும் பகுதிக்கு மட்டும் அத்தை துணி, ஓரமெல்லாம் ஃபோம் ஒட்டி வருகிற பின்னல் துணி. நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் செய்வேன். கட்டம் நேராக நிற்பதுதான் அதற்கு அழகு.

இன்னொன்று, விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. உன் வண்டியில் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் இருந்தால் அது கூரை ஓரத்தில்தான் மடங்கிக் கிடக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அந்த ஓரத்தில் பசையோ ஆணியோ கூடாது. கிளிப் எது எங்கே இருந்ததோ அங்கேயே போக வேண்டும். இதெல்லாம் தெரிந்த ஆளிடம் மட்டும் கொடு.

நேற்றுக் காலை அப்பா வழக்கம்போலப் போய் உட்கார்ந்தார். பேப்பரைப் பிரிக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சுங்குடியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "கைமுடிச்சுடா இது" என்றார்.

சித்திரைத் திருவிழாவுக்கு நீ குடும்பத்தோடு வருவதாகச் சொன்னது மாறவில்லையே? அத்தை துணியையும் எடுத்துக்கொண்டு, பலகையின் நீள அகலத்தை அளந்து எழுதி வா. பாயிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்