பி. ரம்லியை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் இதழில் மலாய்த் திரைக்கலைஞர் பி. ரம்லியைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழ் இதழொன்று அவருக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் பாட்டுக்கும் நடிப்புக்கும் முக்கால் பக்கத்தைக் கொடுத்துவிட்டு, அவர் பிறகு இயக்குநராகவும் ஆனார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். போதாததற்கு, இந்திய இயக்குநர்கள்தாம் அவரை உருவாக்கினார்கள் என்று இன்னொரு வரி. இந்த இரண்டு வரிகளும் என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

நம்மவர்களின் பங்கைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. பினாங்கில் 1929ல் பிறந்த அந்த இளைஞர் பாடுவதைக் கேட்டு 1948ல் சிங்கப்பூருக்கு அழைத்து வந்தவர் இந்திய இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ். முதல் படமான 'சிந்தா'வில் ரம்லிக்குக் கிடைத்தது வில்லன் வேடம். கதாநாயகனுக்குப் பாட்டுக் குரல் மட்டும் கொடுத்தார். அவரைக் கதாநாயகனாக்கி, அவர் குரலிலேயே பாடவும் வைத்த படம் 1950ல் வந்த 'பக்தி'. அதை இயக்கிய எல். கிருஷ்ணன் பினாங்கில் வளர்ந்தவர், சென்னையில் சினிமாத் தொழில் பழகியவர். படத்தின் பெயரைப் பாருங்கள். நாம் கோயிலில் சொல்லும் சொல், மலாய் மொழியில் தொண்டு என்ற பொருளில் குடியேறியிருக்கிறது. தாயை நினைத்து உருகும் ரம்லியின் பாட்டு இடம்பெற்ற 'இபு' (1953) படத்தை இயக்கியவர் எஸ். ராமநாதன். இவற்றையெல்லாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் உருவாக்கினார்கள் என்று சொல்வது வேறு. சிங்கப்பூரில் ஷா சகோதரர்கள் நடத்திய மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் ஸ்டூடியோவுக்கு இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் பலருக்கு மலாய் சரளமாக வராது. வசனத்தை வேறொருவர் மலாயில் பெயர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கதையும் பல நேரங்களில் இந்தியப் படங்களிலிருந்து வந்ததுதான். அவர்கள் கொண்டுவந்தது தொழில்: காட்சியைப் பிரிப்பது, பாட்டை எங்கே வைப்பது, அழுகையை எவ்வளவு நேரம் நீட்டுவது. ரம்லி ஏழு ஆண்டுகள் அவர்களுடைய கேமராவுக்கு முன்னால் நின்று அந்தத் தொழிலைக் கவனித்தார். 1955ல் முதன்முறையாகக் கேமராவுக்குப் பின்னால் போனபோது, அவர் எடுத்துக்கொண்ட கதை ஒரு முச்சக்கர சைக்கிள் ஓட்டியின் கதை. 'பெனாரிக் பேச்சா' என்ற அந்தப் படத்தில் பணக்கார வீட்டுப் பெண்ணும் இருக்கிறாள், வில்லனும் இருக்கிறான், பாட்டும் இருக்கிறது. கட்டுமானம் பழையதுதான். உள்ளே குடியிருந்தவர்கள் மட்டும் புதியவர்கள். தெருவில் வியர்வையோடு சைக்கிள் மிதித்தவன், தன்னைப் போன்ற ஒருவனைத் திரையில் பார்த்தான். இதை எந்த ஆசிரியரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

கல்யாணமாகாமல் வயதேறிய பிரமச்சாரிகளைப் பற்றிய ரம்லியின் 'பூஜாங் லாப்போக்' படங்களைத் தங்கள் கட்டுரை நகைச்சுவைப் படங்கள் என்று சொல்லிவிட்டு நகர்கிறது. 1961ல் வந்த 'செனிமான் பூஜாங் லாப்போக்' படத்தைத் தயவுசெய்து மறுபடி பாருங்கள். ஒரே கூரைக்கடியில் பல குடித்தனங்கள். ஒருவர் போடும் சத்தம் அடுத்தவர் தூக்கத்தைக் கெடுக்கிறது. சிராங்கூன் சாலைக் கடைவீட்டின் மாடியில், பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஆறு பேர், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் என்று வளர்ந்தவள் நான். பக்கத்து வீட்டுப் பெரியவர் இருமினால் எங்கள் விளக்கு ஆடும். அந்த வாழ்க்கையை அப்படியே எடுத்து வைத்த தமிழ்ப் படம் எதையும் நான் சிறுவயதில் பார்த்ததில்லை. மலாய்ப் படத்தில்தான் பார்த்தேன்.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சந்தையில் பழகிய மலாய் மட்டும் தெரியும். தோ பாயோ வீட்டுக்கு நாங்கள் குடிவந்த பிறகு, தொலைக்காட்சியில் ரம்லி படம் போட்டால் எதிர்வீட்டு மக்சிக் (மலாயில் அத்தை) கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போவார். இருவரும் எங்கள் வீட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பார்ப்பார்கள். 'இபு மெர்த்துவாக்கு' (1962) ஓடிய இரவை நான் மறக்கவில்லை. இசைக்கலைஞன் என்பதாலேயே மருமகனை வெறுக்கும் மாமியார், மனைவி இறந்துவிட்டாள் என்ற பொய்யை நம்பி அழுதழுதே பார்வை போகும் கணவன். கண் திரும்பக் கிடைத்ததும், தனக்கு வைத்தியம் பார்த்த மருத்துவருக்கே தன் மனைவி மனைவியாக இருப்பதைக் காண்கிறான். இரண்டு முள்கரண்டிகளை எடுத்துத் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். அம்மா "ஐயோ!" என்று முகத்தைப் பொத்திக்கொண்டார். மக்சிக் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் பார்த்தால், வீட்டிலிருந்த முள்கரண்டிகள் எல்லாம் ஒரு துணியில் சுற்றி அலமாரியின் அடித்தட்டுக்குப் போயிருந்தன. அம்மா இருந்தவரை அவை மேலே வரவில்லை.

அந்தக் காட்சியில் நடித்தவர் ரம்லி, இயக்கியவரும் ரம்லி. வங்காளியான பனி மஜும்தார் இயக்கிய 'அனாக்கு சசாலி'யில் தந்தையாகவும் மகனாகவும் நடித்து, 1957ல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியவர் அவர். நடிகராகவே காலம் தள்ளியிருந்தாலும் ஒரு குறையும் வந்திருக்காது. இருந்தும் இயக்குநர் நாற்காலியைக் கேட்டு வாங்கி, 30க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். 1964ல் கோலாலம்பூருக்குப் போன பிறகு வந்த படங்கள் முன்புபோல் ஓடவில்லை. 1973 மே 29 அன்று காலமானபோது வயது 44தான். அந்தக் கடைசி ஆண்டுகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

கட்டுரையைப் படித்த மறுநாள் பாலஸ்டியர் சாலைக்குப் போனேன். விளக்குக் கடைகளையும் குளியலறைச் சாமான் கடைகளையும் தாண்டினால் ஜாலான் அம்பாஸ். அம்பாஸ் என்றால் சக்கை. 19ஆம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்தில் இருந்த, பாலஸ்டியர் என்பவரின் கரும்புத் தோட்டத்தை நினைவூட்டும் பெயர். 1967ல் மூடிய அந்த ஷா ஸ்டூடியோவின் கட்டடங்கள் எட்டாம் எண் வாசலுக்குள் இன்னும் நிற்கின்றன. தனியார் இடம் என்பதால் வெளியில் நின்றே பார்த்தேன். அரை மணி நேரத்தில் அந்தப் பக்கம் வந்த தமிழ்க் குடும்பம் ஒன்றுகூட இல்லை. லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து பஸ்ஸில் சிறிது நேரப் பயணம்தான்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். ராஜ்ஹன்ஸ், கிருஷ்ணன், ராமநாதன், மஜும்தார், 1957ல் போட்டி நிறுவனமான கேத்தே கெரிஸுக்காக 'பொந்தியானாக்' எடுத்த பி.என். ராவ் ஆகியோரைப் பற்றித் தனித்தனியாக எழுதுங்கள். அவர்களைப் பெருமைப்படுத்த ரம்லியின் உழைப்பைக் கடன் வாங்க வேண்டியதில்லை. அடுத்தது, ரம்லி இயக்கிய படம் ஒன்றையாவது தமிழ் வசன வரிகளோடு திரையிட நம் அமைப்புகளிடம் தங்கள் இதழ் எடுத்துச் சொல்ல வேண்டும். மலாய் தெரியாத என் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார நான் காத்திருக்கிறேன். எதிர்வீட்டு மக்சிக்கின் மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
தோ பாயோ