பழைய மதுரை வீதிகளுக்கு ஒரு பதிவேடு வேண்டும்: மாநகராட்சிக்குத் திறந்த மடல்

மதுரை மாநகராட்சியின் மாண்புமிகு மேயர், ஆணையர், மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான்கு வெளி வீதிகளுக்கு உட்பட்ட பழைய நகரில் ஒரு கட்டடத்தை இடிக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் வரும்போது, அனுமதி தருவதற்கு முன்பாக அதை அளந்து, படம் எடுத்து, அங்கே வாழ்ந்தவர்களும் தொழில் செய்தவர்களும் சொல்வதைக் கேட்டெழுதி, ஒரு பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். எதையுமே இடிக்கக் கூடாது என்பது என் கோரிக்கை அன்று. மழைக்கு ஒழுகும் மச்சின் கீழ்க் குடியிருப்பவரிடம் பழமையைக் காக்கும் பொறுப்பை மட்டும் சுமத்துவது நியாயமாகாது. ஆனால் இடிபடுவது என்னவென்று எழுதிவைக்காமலேயே இடிபட விடுவது, இந்த நகரம் தனக்குத் தானே செய்துகொள்ளும் அநீதி.

மதுரைக்கு இடித்துக் கட்டுவது புதிதன்று. விசுவநாத நாயக்கர் பாண்டியர் காலக் கோட்டையை விரிவாக்கி எழுப்பிய பெருங்கோட்டை 1840-களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் தகர்க்கப்பட்டது. அகழி தூர்க்கப்பட்டது, வெளி வீதிகள் பிறந்தன. அந்தப் பணியில் ஈடுபட்ட மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றும் வீதிப் பெயர்களாக நம்மிடையே இருக்கிறார்கள். பிளாக்பர்னுக்கு நன்றியாக ஊர் மக்கள் நட்ட விளக்குத்தூண் ஒரு வட்டாரத்தின் பெயராகவே ஆகிவிட்டது. தீபாவளிக்கு ஜவுளி எடுக்க அங்கே வரும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அந்த இரும்புத் தூண் ஏன் அங்கே நிற்கிறது என்று தெரியும்? அம்மன் சன்னதிக்கு நேர் கிழக்கே உள்ள விட்டவாசலையும், பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே மிஞ்சியிருக்கும் கொத்தளத்தையும் அன்றாடம் ஆயிரக்கணக்கானோர் கடந்து போகிறார்கள். பாண்டியர் கோட்டை, நாயக்கர் கோட்டை இரண்டின் மிச்சம் அவை என்பதை அந்த வழியில் போகும் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

புதுமண்டபத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய அந்த மண்டபத்தில் பல தலைமுறைகளாகத் தையற்காரர்களும், பாத்திரக் கடைக்காரர்களும், புத்தகக் கடைக்காரர்களும், வளையல், குங்குமம் விற்போரும் இருந்தார்கள். கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியதை நான் குறை சொல்லவில்லை. சிற்பங்களை மறைத்திருந்த தட்டிகளும் பலகைகளும் அகன்றது நல்லதே. ஆனால் சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டவர்கள் உடுத்தும் சல்லடமும் கச்சையும், தண்ணீர் பீய்ச்சுவோரின் உடையும் தொப்பியும் அந்தத் தூண்களின் இடையே இருந்த தையல் எந்திரங்களில்தான் உருவாயின. வெல்வெட் துணியை எந்த அளவுக்கு வெட்டுவது, சரிகையை எந்த வரிசையில் வைப்பது, எந்த ஊர்க்காரர் எப்படிக் கேட்பார் என்பதெல்லாம் அவர்களின் கையிலும் நினைவிலும் மட்டுமே இருக்கின்றன. கடையை மாற்ற ஆணை போட்டவர்கள் அந்த நினைவையும் கேட்டு எழுதியிருக்கலாம். இன்னும் காலம் கடந்துவிடவில்லை. மூத்த தையற்காரர்கள் பலர் இருக்கிறார்கள்.

திருமலை நாயக்கர் மகால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் அதைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. அதே அரண்மனைத் தொகுதியின் எச்சமான பத்துத் தூண்களோ, ஜவுளிக் கடைகள் நெருக்கும் குறுகிய சந்தில், அண்ணாந்து பார்த்தால் மட்டுமே தெரியும் உயரத்தில் நிற்கின்றன. ஆயினும் இவற்றுக்காவது பெயர் இருக்கிறது. என் கவலையெல்லாம் பெயரில்லாத கட்டடங்களைப் பற்றியது.

மேல மாசி வீதியில் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் அரையாடைக்கு மாறிய வீடு, கதர் விற்பனை நிலையமாக இருப்பதால் பிழைத்திருக்கிறது. 1904-இல் பாரதியார் சில மாதங்கள் தமிழாசிரியராகப் பணியாற்றிய சேதுபதி பள்ளி வடக்கு வெளி வீதியில் இன்றும் பள்ளியாகவே இயங்குகிறது. ஆனால் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் 1952 தீபாவளிக்குத் திறந்து, ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே பெருமை பேசிய தங்கம் தியேட்டரின் இடத்தில் இன்று ஜவுளிக்கடை நிற்கிறது. அந்தக் கட்டடத்தின் வரைபடம், அதில் வேலை பார்த்த ஆபரேட்டர்கள், டிக்கெட் கிழித்தவர்கள் சொன்ன செய்திகள் என எதையாவது பொதுமக்கள் பார்க்கும்படி நகரம் சேர்த்து வைத்திருக்கிறதா? எழுகடல் தெப்பக்குளம் வணிக வளாகமான கதையும் இப்படித்தான். தெருப்பெயர் மட்டும் மிஞ்சியது.

இதற்கு அடுத்த நிலையில் உள்ளவை சாதாரண வீடுகள்: தேக்கு உத்திரமும், கடைந்தெடுத்த மரத்தூண்களும், நடுவே வானம் பார்த்த முற்றமும் கொண்டவை. இவற்றுக்கு இடிப்புக்கு முன்பே ஓர் ஆபத்து வந்து சேருகிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தார் போடும்போது ஒவ்வொரு முறையும் தெரு உயர்கிறது. நான்கு படி ஏறி அமர்ந்த திண்ணை தெருமட்டத்துக்கு வருகிறது. பிறகு மழைநீர் வாசல் தாண்டி உள்ளே புகுகிறது. சுண்ணாம்புச் சுவர் அடியிலிருந்து ஊறிப் பொரிகிறது. வீட்டுக்காரர் இடிப்பதென்று முடிவெடுக்கும்போது நாம் அவரைப் பழமையை மதிக்காதவர் என்கிறோம். மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் அவற்றை இணைக்கும் சந்துகளிலும் பழைய மட்டத்தைக் காப்பது முழுக்க முழுக்கத் தங்கள் பொறியாளர்களின் கையில் இருக்கிறது.

பதிவேட்டுக்குப் பெருஞ்செலவு ஆகாது. வார்டு அலுவலகங்களில் சொத்துவரி ஏடுகள் இருக்கின்றன. கட்டடக்கலை பயிலும் மாணவர்களும் வரலாற்றுத் துறை மாணவர்களும் ஊரிலேயே இருக்கிறார்கள். விண்ணப்பத்தோடு அளவு வரைபடமும் ஒளிப்படங்களும் இணைக்கப்பட வேண்டும் என்று மாமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும். வசதியில்லாத உரிமையாளருக்கு அந்த வேலையை மாநகராட்சியே செய்து தரலாம். சேர்ந்த பதிவுகளை யாரும் வந்து பார்க்கும்படி ஒரு நூலகத்தில் வைக்க வேண்டும். அடுத்த மாமன்றக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதைச் சேர்த்து, புதுமண்டபத் தையற்காரர்களிடமிருந்து பணியைத் தொடங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மதுரை உள்நகரவாசி ஒருவர்