கடைசிக் கதவையும் திறந்து வையுங்கள்: ஸ்காட்டிஷ் லீக்கின் 42 கிளப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

ஜூன் 2021

ஸ்காட்டிஷ் புரொஃபெஷனல் ஃபுட்பால் லீக்கின் உறுப்பினர் கிளப் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். போன மாதம் வரை உங்களோடு இருந்த பிரெச்சின் சிட்டியின் ரசிகன் எழுதுகிறேன். நான்கு டிவிஷன்களில் கடைசியான லீக் டூவில் கடைசி இடத்தில் முடித்தோம். யார் ஏறுவது, யார் இறங்குவது என்று முடிவுசெய்யும் பிளே-ஆஃபில், லோலேண்ட் லீக் சாம்பியனான கெல்ட்டி ஹார்ட்ஸ் தங்கள் ஊரில் எங்களை 2-1 என்று வென்றார்கள், பிறகு எங்கள் மைதானமான கிளீப் பார்க்குக்கே வந்து 1-0 என்று வென்றார்கள். 1906இல் தொடங்கிய கிளப் இப்போது உங்கள் லீக்குக்குக் கீழே, வடக்குப் பகுதிக்கான ஹைலேண்ட் லீக்கில். இனி எங்கள் பஸ் விக் வரைக்கும் போகும், ஃபோர்ட் வில்லியம் வரைக்கும் போகும்.

எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. கெல்ட்டி எங்களைவிட நன்றாக ஆடினார்கள், அவர்களுக்கு உரியது அந்த இடம். அந்த இடத்துக்கு வர நீங்கள் அவர்களை எவ்வளவு சுற்றவிட்டீர்கள் என்பதுதான் என் மனதை அறுக்கிறது.

உச்சியில் உள்ள பிரீமியர்ஷிப்பில் கடைசி இடம் என்றால் நேராகக் கீழே. அதற்கடுத்த சாம்பியன்ஷிப்பிலும் அப்படித்தான், மூன்றாவதான லீக் ஒன்னிலும் அப்படித்தான். லீக் டூவில் மட்டும் கடைசியில் நின்ற அணிக்கு இன்னொரு வாய்ப்பு. ஹைலேண்ட் லீக் சாம்பியனும் லோலேண்ட் லீக் சாம்பியனும் முதலில் தங்களுக்குள் இரண்டு ஆட்டம் மோத வேண்டும். அதில் ஜெயித்தவர் லீக் டூவின் கடைசி அணியோடு மறுபடி இரண்டு ஆட்டம் ஆட வேண்டும், அதிலும் முடிவைச் சொல்லும் இரண்டாவது ஆட்டம் அந்தக் கடைசி அணியின் மைதானத்தில். ஒரு சீசன் முழுக்க ஜெயித்தவருக்கு நான்கு பரீட்சை. ஒரு சீசன் முழுக்கத் தோற்ற எங்களுக்கு இரண்டு. இதை எந்தக் கணக்கில் நியாயம் என்பது?

2020இல் நடந்ததை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அன்றைக்குப் பலன் அடைந்தது நாங்கள்தான். கொரோனாவால் சீசன் பாதியில் நின்றது. மீதி ஆட்டங்களை ஆடாமலே, ஆடிய ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்ற சராசரியை வைத்துப் பட்டியலை முடித்தீர்கள். மேலே உள்ள மூன்று டிவிஷன்களிலும் கடைசியில் இருந்த ஹார்ட்ஸ் (எடின்பரோவின் பெரிய கிளப், கெல்ட்டி ஹார்ட்ஸ் வேறு), பார்ட்டிக் திசில், ஸ்ட்ரான்ரார் மூவரையும் அந்தச் சராசரியை வைத்தே கீழே இறக்கினீர்கள். பார்ட்டிக், முன்னால் இருந்தவரைவிட இரண்டே புள்ளிதான் பின்னால், கையில் ஒரு ஆட்டம் கூடுதலாகவும் இருந்தது. அவர்களும் ஹார்ட்ஸும் கோர்ட் வரைக்கும் போனார்கள், பலனில்லை.

அதே பட்டியலில் லீக் டூவின் கடைசி வரியில் எங்கள் பெயர் இருந்தது. எங்களை மட்டும் யாரும் தொடவில்லை. பிளே-ஆஃப் நடத்த முடியாது, ஆகவே யாரும் மேலே வர வேண்டாம், யாரும் கீழே போக வேண்டாம் என்று முடிந்தது. லோலேண்டில் கெல்ட்டியும் ஹைலேண்டில் பிரோராவும் சாம்பியன் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள். அன்று நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அந்த பிரோரா யார் தெரியுமா? சதர்லாண்ட் கடற்கரையில் ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். இந்த மார்ச் 23ஆம் தேதி ஸ்காட்டிஷ் கோப்பையில் ஹார்ட்ஸை 2-1 என்று வென்றார்கள். மூன்று மாதம் முன்புதான் அதே கோப்பையின் இறுதி ஆட்டம் ஆடிய ஹார்ட்ஸை! 2015இல் முதன்முதலாக இந்த பிளே-ஆஃப் வந்தபோதும் பிரோராதான் வந்தார்கள், லீக் டூவின் கடைசி அணியான மான்ட்ரோஸிடம் இரண்டு ஆட்டமும் சேர்த்து 3-2 என்று ஒரு கோலில் போனது.

உயிர்பிழைத்த எங்களுக்கு அந்த ஒரு வருடம் என்ன தந்தது என்றும் சொல்கிறேன். எங்கள் சரிவு அதற்கு முன்பே தொடங்கியது. 2017இல் அல்லோவாவைப் பெனால்ட்டியில் வென்று சாம்பியன்ஷிப்புக்கு ஏறினோம். அடுத்த சீசனில் 36 ஆட்டம், 32 தோல்வி, 4 டிரா. ஒரு வெற்றி இல்லை. அதற்கடுத்த வருடம் இன்னும் ஒரு படி கீழே, அப்புறம் லீக் டூவின் அடிமட்டம். கிளப்பை முதலிலிருந்து சீர்செய்ய வேண்டிய நேரத்தில், பூட்டிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். ஆட்களை உள்ளே விடாத இந்த சீசனின் கடைசி ஆட்டத்தை வீட்டில் திரையில்தான் பார்த்தேன். எங்கள் மைதானத்தின் ஒரு பக்கம் சுவருக்குப் பதிலாக உயரமான பீச் மரவேலி இருக்கும். முன்பெல்லாம் பந்து அதற்குள் மாட்டிக்கொண்டால் பையன்கள் கையைவிட்டுத் துழாவி எடுப்பார்கள், கையில் பாதி தின்ற பிரைடியோடு (இறைச்சி வைத்த பேஸ்ட்ரி) பெரியவர்கள் வழி சொல்வார்கள். அன்று வேலி ஓரம் வெறிச்சோடிக் கிடந்தது. விசில் ஊதினார்கள், கெல்ட்டி வீரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒரு வருடம் தாமதமாகக் கிடைத்த மகிழ்ச்சி அது.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. லீக் டூவில் ஆடுபவர்கள் பகலில் வேறு வேலை பார்த்து, ராத்திரியில் பயிற்சிக்கு வருகிறவர்கள். கீழே போனால் லீக் தரும் பணம் போகும், ஊரே கிளப்பை மறந்துவிடுமோ என்ற கவலையும் வரும். ஆனால் இந்த பிளே-ஆஃபே இல்லாமல் கதவை மூடிவைத்த காலம் எப்படி இருந்தது? ஈஸ்ட் ஸ்டிர்லிங்ஷயர் 2003 முதல் 2007 வரை ஐந்து வருடம் தொடர்ந்து கடைசியில் நின்றார்கள், ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் மாறவுமில்லை.

கதவு கொஞ்சம் திறந்தபோது உள்ளே வந்தவர்களைப் பாருங்கள். கோவ் ரேஞ்சர்ஸ் 2019இல் லீக் டூவின் கடைசி அணியான பெரிக்கை இரண்டு ஆட்டமும் சேர்த்து 7-0 என்று தாண்டி வந்து, அடுத்த வருடமே லீக் டூ சாம்பியன். 2016இல் வந்த எடின்பரோ சிட்டி இந்த இரண்டு சீசனிலும் இரண்டாம் இடம். ஆறு முறை நடந்த பிளே-ஆஃபில் மூன்று முறைதான் கீழிருந்து ஒருவர் ஏற முடிந்தது. மற்ற மூன்று வருடமும் இரண்டிரண்டு சாம்பியன்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

நான் கேட்பது இதுதான். லீக் டூவில் கடைசியில் முடிக்கும் அணி, மற்ற மூன்று டிவிஷன்களைப் போல, நேராக இறங்கட்டும். ஹைலேண்ட், லோலேண்ட் சாம்பியன்கள் தங்களுக்குள் மோதி, ஜெயித்தவர் நேராக ஏறட்டும். கிளப் லைசென்ஸ் வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே இருக்கட்டும், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் இதை ஓட்டுக்கு விடுங்கள். நாங்கள் மேலே வர எத்தனை வருடம் ஆனாலும் சரி, வந்த பிறகு ஒருநாள் கடைசியில் நின்றாலும் இந்த விதி எங்களுக்கும் பொருந்தட்டும்.

அன்புடன்,
கிளீப் பார்க் வேலியோரத்திலிருந்து ஒரு பிரெச்சின் ரசிகன்